உத்தரவாதச் சீட்டும் கொடுத்த சொல்லும்

கரிசல் சீமையில் மாடு வாங்குவது ஒரு கலை. வாங்க வந்தவர் முதலில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார். பிறகு சுழி பார்ப்பார். நாலு அடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார். தரகர் துண்டைப் போட்டு மூடி, அதனடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார். இவ்வளவும் முடிந்த பின், "சண்டி மாடு இல்லை, என்னை நம்பி ஓட்டிக்கொண்டு போங்கள்" என்று விற்பவர் ஒரு சொல் சொல்வார். அந்தச் சொல்லுக்கு முத்திரையும் இல்லை, கையொப்பமும் இல்லை. ஆயினும் வாங்கிய மாடு மறுவாரமே ஏரில் படுத்துக்கொண்டால், அடுத்த சந்தையில் அந்த விற்பனைக்காரர் தலைநிமிர்ந்து நிற்க முடியாது. சொன்னவர் முகம் எல்லாருக்கும் தெரியும். சொல்லும் முகமும் ஒன்றாக இருந்த காலம் அது.

இன்று நம் குடும்பங்கள் வாங்கும் பொருள்களோடு சொல்லுக்குப் பதிலாக ஒரு சீட்டு வருகிறது. மாவரைக்கும் கிரைண்டருக்கும் சீட்டு உண்டு. குளிர்பதனப் பெட்டிக்கும் உண்டு. இருசக்கர வண்டிக்கும் காருக்கும் புத்தகமாகவே உண்டு. 'வாரண்டி' என்று எல்லாரும் சொல்லும் இந்த உத்தரவாதம் மெய்யாகவே யார் யாருக்குக் கொடுத்த சொல்? கொடுத்தவர் எங்கே இருக்கிறார்? அந்தச் சொல் தவறும்போது, பொறுமையைக் கடமையாகக் கொண்ட கிறிஸ்தவன் என்ன செய்ய வேண்டும்? அண்மையில் நமக்கு நேர்ந்த ஓர் அனுபவம் இக்கேள்விகளை ஆழ்ந்து எண்ணச் செய்தது. குடும்பங்களுக்குப் பயன்படுமென்று கருதி அதை இங்கே எழுதுகிறோம்.

பாஞ்சாலங்குறிச்சியைச் சுற்றியுள்ள கரிசல் சிற்றூர்களில் பணியாற்றும் ஒரு குருவானவருக்கு வண்டி ஆடம்பரப் பொருள் அன்று. மழை பெய்தால் கரிசல் மண் சேறாகிக் காலைப் பிடித்துக்கொள்ளும். வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும். கிளைக் கிராமம் ஒவ்வொன்றும் நாலு கல், ஐந்து கல் தொலைவில் இருக்கும். ஒரே ஞாயிறன்று மூன்று ஊர்களில் திருப்பலி நிறைவேற்ற வேண்டியிருக்கும். நடுநிசியில் நோயாளிக்கு அழைப்பு வரும். பங்கின் பழைய ஜீப்பு இனிச் செப்பனிட முடியாத நிலைக்கு வந்தபோது, புதிய வண்டி வாங்குவதென்று பங்குப் பேரவை தீர்மானித்தது.

பணம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மிளகாய் விற்ற வீட்டார் ஒரு பங்கு தந்தனர். பருத்தி எடுத்த பெண்கள் ஒருநாள் கூலியைத் தந்தனர். தீப்பெட்டி ஆலைக்குப் போகும் பிள்ளைகள் உண்டியலில் சேர்த்தனர். திருவிழாவில் மிஞ்சியதும் அதனோடு சேர்ந்தது. இரண்டு ஆண்டுகள் மானம் பொய்த்ததால் சேர்ப்பதற்கு நான்கு ஆண்டுகள் ஆயின. எஞ்சிய தொகைக்குக் கடன் பெற்றோம். இவ்வாறு வந்தது ஒரு புதிய டீசல் வண்டி. மந்திரித்துத் தண்ணீர் தெளித்த அன்று, சிறுவர்கள் அதன் கதவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து மகிழ்ந்தனர்.

ஏழாவது வாரம் முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி மூச்சு முட்டியதுபோல் வேகம் குறைந்து ஊர்ந்தது. நகரத்திலிருந்த சர்வீஸ் நிலையத்திற்குக் கொண்டு சென்றோம். அரைநாள் காத்திருந்த பின், "சரியாகிவிட்டது" என்று சாவியைத் தந்தார்கள். பதினெட்டாம் நாள் அதே விளக்கு எரிந்தது. மறுபடியும் சென்றோம். "கணினியில் பிழையை அழித்துவிட்டோம்" என்றார்கள். பிழையை அழிப்பது வேறு, பிழையைத் திருத்துவது வேறு என்பதை அன்று அறிந்துகொண்டோம். மூன்றாம் முறை வண்டியை ஆறு நாள் வைத்துக்கொண்டார்கள். "பார்ட்ஸ் வர வேண்டும்" என்பது ஒரு நாளைய பதில். "மேலிடத்தில் கேட்டிருக்கிறோம்" என்பது மற்றொரு நாளைய பதில். இறுதியில் கிடைத்த பதில் வேறொன்று: "வண்டியில் குறை இல்லை. நீங்கள் ஓட்டுகிற விதந்தான் காரணம்."

மேசைக்கு அப்பால் இருந்தவர் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை. தேநீரும் தந்தார். ஆனால் அவர் அந்தச் சொல்லைக் கொடுத்தவர் அல்லர். விற்றவரைக் கேட்டால் தயாரித்தவரைக் காட்டினார். தயாரித்தவரின் தொலைபேசியில் ஒரு குரல் நம் புகாருக்கு ஒரு எண்ணைக் கொடுத்தது. அந்த எண்ணைச் சொன்னால் மீண்டும் விற்றவரிடமே போகச் சொன்னது. சந்தையில் இருந்த முகம் இங்கே இல்லை. சொல் மட்டும் தாளில் இருந்தது. அதுவும் பொடி எழுத்து ஆங்கிலத்தில்.

மூன்றாம் முறைக்கும் நான்காம் முறைக்கும் இடையில் அந்த இரவு வந்தது.

ஒரு கிளைக் கிராமத்தில் வயது முதிர்ந்த தாய் ஒருவர் இறுதி நிலையில் இருந்தார். இரவு பதினொரு மணிக்கு அழைப்பு. நோயில்பூசுதல் எண்ணெயையும் நற்கருணையையும் எடுத்துக்கொண்டு உபதேசியாரோடு புறப்பட்டோம். ஊருக்கு இரண்டு கல் தொலைவில், வேலிக்கருவை அடர்ந்த பாதையில், வண்டி நின்றுவிட்டது. உபதேசியார் டார்ச்சு விளக்கைப் பிடிக்க, இருவருமாக நடந்தோம். நாம் போய்ச் சேர்ந்தபோது தலைமாட்டில் விளக்கேற்றி வைத்திருந்தார்கள். இறந்தவருக்கான செபங்களைச் சொல்லி முடித்தோம். மூத்த மகன் நமக்குத் தண்ணீர் கொண்டுவந்து தந்து, "சாமி, வண்டி புதுசுதானே?" என்று கேட்டார். அதில் குற்றச்சாட்டு இல்லை. உண்மையான வியப்புதான் இருந்தது. அந்த வீட்டுப் பருத்திப் பணமும் அந்த வண்டியில் இருந்தது. நமக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

இறைவனின் இரக்கம் நம் வண்டிகளுக்காகக் காத்திருப்பதில்லை என்பதை நாம் அறிவோம். அந்தத் தாய் அவருடைய கரங்களில் இருக்கிறார் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் கடைசி நேரத்தில் நற்கருணை வாங்க அவர் ஆசைப்பட்டார்; வாங்கவில்லை. ஒரு பொருளின் குறை அதை வாங்கியவருடைய பணப்பையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்காகவே இதைச் சொல்கிறோம். புதுச் சைக்கிளின் பிரேக் பிடிக்காவிட்டால் பள்ளிக்குப் போகும் பிள்ளை விழுகிறது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் எரிந்துபோனால் பயிர் வாடுகிறது. தொழிற்சாலையில் எவரோ ஒருவர் கவனிக்காமல் விட்ட திருகாணி, அவர் ஒருபோதும் காணாத ஊரில் ஒரு வீட்டின் இரவை மாற்றிவிடுகிறது.

நான்காம் முறை சென்றபோது, வண்டியின் அடியில் படுத்து வேலை செய்த இளைஞர் ஒருவர் உண்மையைக் கண்டுபிடித்தார். அவர் விளக்கியதை, நமக்கு விளங்கிய அளவில் கூறுகிறோம். 2020 ஏப்ரல் முதல் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, டீசல் கார்களின் புகைப்போக்கியில் கரியைப் பிடித்துவைக்கும் ஒரு வடிகட்டி பொருத்தப்படுகிறது. அதில் சேரும் கரி அவ்வப்போது மிகுந்த வெப்பத்தில் எரிந்து சாம்பலாக வேண்டும். அதற்கு வண்டி நல்ல சாலையில் ஓரளவு வேகத்தோடு தொடர்ந்து சிறிது நேரம் ஓட வேண்டும். நாலு கல் போய் நின்று, மறுபடி நாலு கல் போகும் வண்டியில் கரி எரிய வாய்ப்பில்லாமல் அடைத்துக்கொள்ளும். காற்று மாசுபடாமல் காக்கும் நல்ல ஏற்பாடுதான் இது. ஆனால் கரிசல் காட்டுச் சிற்றூர்களுக்கு இடையே ஓடத்தான் வண்டி வேண்டும் என்று விலை பேசிய நாளிலேயே நாம் சொல்லியிருந்தோம். விற்றவர் இந்தச் செய்தியை வாய் திறந்து சொல்லவில்லை.

அதோடு முடியவில்லை. வடிகட்டியின் அழுத்தத்தை அளக்கும் கருவியோடு சேர்ந்த ஒரு சிறு குழாய், தொடக்கத்திலேயே சரியாகப் பொருத்தப்படாமல் ஓரத்தில் கீறல் விட்டிருந்தது. கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதே வண்டிக்குத் தெரியாமற் போயிற்று. முதல் மூன்று முறையும் எவரும் குனிந்து பார்க்காத இடம் அது. "துப்புரவு செய்யப்பட்டது என்று மட்டும் எழுது" என்று மேற்பார்வையாளர் சொன்னது நம் காதிலும் விழுந்தது. அந்த இளைஞர் சற்றுத் தயங்கினார். பிறகு, கண்டதைக் கண்டபடியே ஜாப் கார்டில் எழுதினார். ஐ.டி.ஐ. படித்த, மாதச் சம்பளத்திற்கு வேலை செய்யும் ஓர் ஏழை வீட்டுப் பிள்ளை. அவருடைய பெயரையும் ஊரையும் இங்கே எழுதப்போவதில்லை. பெரிய நிறுவனம் தாளில் அச்சிட்டுக் கொடுத்த சொல்லை, எண்ணெய் படிந்த விரல்களால் காப்பாற்றியவர் அவர்தான்.

குருமடத்தில் அறநெறி இறையியல் பயின்ற நாள்களில், புனித தாமஸ் அக்குவினார் தம் பெருநூலில் வாங்கல் விற்றலைப்பற்றி எழுதியுள்ள பகுதியைப் படித்தோம். ஏட்டுக் கல்வியாக அன்று தோன்றியது, இன்று எவ்வளவு உயிருள்ளதாக இருக்கிறது! அவர் வாழ்ந்த 13ஆம் நூற்றாண்டில் கார் இல்லை; குதிரை இருந்தது. குதிரைக்கு ஒரு கண் இல்லை என்றால் அது எல்லார்க்கும் தெரியும் குறை. விலையை அதற்கேற்பக் குறைத்திருந்தால் விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டியதில்லை என்கிறார். ஆனால் கண்ணுக்குத் தெரியாத குறை, வாங்குபவருக்கு நட்டமோ ஆபத்தோ விளைவிக்கக்கூடிய குறை இருந்தால், அதைச் சொல்லியே ஆக வேண்டும். நொண்டிக் குதிரையை விரைந்தோடும் குதிரையென்று விற்பது அநீதி. இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். விற்பவர் குறையை அறியாமலே விற்றிருந்தால் அவர்மேல் பாவம் இல்லை. ஆயினும் குறை தெரியவந்த நாளிலிருந்து ஈடு செய்ய அவர் கடமைப்பட்டவர். இன்றைய உத்தரவாதச் சீட்டின் சாரம் முழுவதும் இந்த ஒரு கருத்தில் அடங்கியிருக்கிறது அன்றோ?

இது திருச்சபைக்கு மட்டும் உரிய சிந்தனையும் அன்று. பண்டைய உரோமையில் சந்தைகளைக் கண்காணித்த அதிகாரிகள், கால்நடை விற்போர் அவற்றின் நோயையும் குறையையும் வெளிப்படையாகக் கூற வேண்டுமென்று ஆணையிட்டிருந்தனர். பழைய ஏற்பாட்டின் திருச்சட்டமோ, பையில் இருவகை எடைக்கற்களை வைத்திருப்பதையே இறைவனுக்கு அருவருப்பு என்று கண்டிக்கிறது. விற்கும்போது ஒரு பேச்சு, பழுது வந்தபின் வேறொரு பேச்சு என்பதும் இருவகை எடைக்கல்லே.

நம் நாட்டில் ஒரு காலத்தில் கார் வாங்குவோர் குறை சொல்லத் துணிந்ததே இல்லை. அம்பாசடர், பிரீமியர் பத்மினி, சென்னையில் செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு என்னும் சில வகைகளே இருந்தன. பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர், வண்டி கையில் கிடைத்ததே பெரும் பாக்கியம் என்று எண்ணினார். கதவு பொருந்தாவிட்டால் உள்ளூர்ப் பட்டறையில் தட்டிச் சரி செய்துகொண்டார். 1983 டிசம்பரில் மாருதி கார் வெளிவந்த பின்னும், 1991க்குப் பின் பல நாட்டு நிறுவனங்கள் வந்த பின்னும், நிலைமை மாறியது. இன்று காத்திருப்பவர் வாங்குபவர் அல்லர். விற்பவரே வீடு தேடி வருகிறார். ஆனால் விற்பதற்கு முன் இருந்த அந்தப் பணிவு, விற்ற பின் எங்கே போகிறது?

'தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா?' என்பது நம் பழமொழி. மெய்தான். ஆனால் விலை கொடுத்து வாங்கிய மாட்டை? இந்த வேறுபாட்டை நம் மக்களில் பலர் மறந்துவிடுகின்றனர். பளபளக்கும் கண்ணாடிக் கடையில், குளிரூட்டிய அறையில், கழுத்துப்பட்டை அணிந்தவர் முன்னே நிற்கும்போது, தாம் ஏதோ உதவி கேட்டு வந்தவர்போல் ஒடுங்கிப் போகின்றனர். கப்பம் கேட்டு வந்தவர்களிடம் எதற்காக என்று திருப்பிக் கேட்ட மண் இது. அதற்காகவே 1799இல் கயத்தாற்றில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். 1974இல் அரசு எழுப்பிய நினைவுக்கோட்டையைக் காண நம் பிள்ளைகளை அழைத்துச் செல்கிறோம். ஆனால் கையிலிருக்கும் சீட்டைக் காட்டி, "நீங்கள் எழுதித் தந்தது இது" என்று மெல்லிய குரலில் சொல்வதற்கும் நமக்குத் தயக்கமாக இருக்கிறது.

நம் பங்கிலேயே பெரியவர்கள் சிலர், "விட்டுவிடுங்கள் சாமி, பெரிய கம்பெனியோடு நாம் மல்லுக்கு நிற்க முடியுமா? பொறுத்துப் போவதுதானே நம் வேதம்?" என்றார்கள். அன்பினால் சொன்ன சொல். ஆயினும் இதை நாம் ஆராய்ந்து பார்க்க வேண்டும். ஒரு கன்னத்தில் அறைந்தவனுக்கு மறு கன்னத்தைக் காட்டும்படி ஆண்டவர் கற்பித்தார். அந்தக் கன்னம் நம்முடைய கன்னமாக இருக்க வேண்டும். பிறருடைய கன்னத்தைக் காட்ட நமக்கு உரிமை இல்லை. அந்த வண்டி பருத்தி எடுத்தவளின் கூலி. தீப்பெட்டி ஆலைப் பிள்ளையின் உண்டியல். அதை விட்டுக்கொடுப்பது நம் பொறுமை ஆகாது. அவர்களுடைய உழைப்பை அலட்சியம் செய்வதாகும். குடும்பத் தலைவர் ஒருவர் தம் மனைவி மக்களின் வாயைக் கட்டிச் சேர்த்த பணத்தில் வாங்கிய பொருளுக்கும் இதே நியாயம் பொருந்தும். சலிக்காமல் நீதிபதியின் வாசலுக்கு நடந்த கைம்பெண்ணை ஆண்டவர் உவமையில் போற்றினாரே அன்றி, வீட்டில் அடங்கி இருக்கும்படி அவளிடம் சொல்லவில்லை.

அந்தக் கைம்பெண்ணுக்கு இருந்ததைவிட நமக்கு வழிகள் அதிகம். 1962 மார்ச் 15 அன்று, அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த, நம் மறையைச் சேர்ந்த ஜான் கென்னடி, நுகர்வோருக்கு நான்கு உரிமைகள் உண்டென்று அந்நாட்டு நாடாளுமன்றத்திற்கு எடுத்துரைத்தார். பாதுகாப்புப் பெறும் உரிமை, உண்மையை அறியும் உரிமை, தெரிந்தெடுக்கும் உரிமை, தம் குரல் கேட்கப்படும் உரிமை என்பன அவை. 1965இல் ரால்ப் நாடர் என்னும் இளம் வழக்கறிஞர், அந்நாட்டுக் கார்களின் அமைப்பிலேயே உள்ள ஆபத்துகளை நூலாக எழுதி வெளியிட்டார். மறு ஆண்டே அங்கு மோட்டார் வண்டிப் பாதுகாப்புக்கெனத் தனிச்சட்டம் பிறந்தது. நம் நாட்டில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திற்கு 1986 டிசம்பர் 24 அன்று, கிறிஸ்து பிறப்புப் பெருவிழாவின் முந்தின நாள், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தது. அதனாலேயே அந்நாள் தேசிய நுகர்வோர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. அதன் இடத்தில் 2019ஆம் ஆண்டின் புதிய சட்டம், 2020 ஜூலையிலிருந்து நடைமுறைக்கு வந்துள்ளது. குறையுள்ள பொருளால் தீங்கு விளைந்தால் தயாரித்தவரும் விற்றவரும் ஏற்க வேண்டிய பொறுப்பை இச்சட்டம் தனி அதிகாரத்தில் வகுத்துள்ளது. பாதுகாப்புக் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்யுமாறு அரசு கட்டளையிடும் அதிகாரமும், மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின் வாயிலாக 2021 ஏப்ரல் முதல் வந்துள்ளது.

சட்டம் இருப்பதால் எல்லாம் கிடைத்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. உச்ச நீதிமன்றம் 2006இல் மாருதி நிறுவன வழக்கொன்றில், பழுதான உறுப்பைச் சரிசெய்வதாகவோ மாற்றித் தருவதாகவோ மட்டும் சீட்டில் கூறியிருந்தால், முழுக் காரையே மாற்றித் தரும்படி ஆணையிட முடியாது என்று கூறியது. 2021இல், கோவாவில் ஒருவருக்கு முந்தைய ஆண்டுத் தயாரிப்பான காரைப் புதியதாக விற்ற வழக்கில், விற்பனையாளரின் தவறு தயாரிப்பாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்டப்படாதவரை, தயாரிப்பாளரைப் பொறுப்பாக்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே சீட்டில் என்ன எழுதியிருக்கிறது, சொன்னவர் யார் என்பவை மிக முக்கியம். மறுபுறம், 2015இல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா கார் ஒன்று 2017இல் விபத்துக்குள்ளானபோது காற்றுப்பைகள் விரியவில்லை. மோதலின் வேகம் போதவில்லை என்பது போன்ற வாதங்களை 2022இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. மோதலின் விசையைக் கணக்கிட்டுப் பார்க்க வாங்குபவர் பௌதிகப் பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை என்னும் கருத்தைத் தெரிவித்து, அவருக்கு வழங்கப்பட்ட ஈட்டை உறுதி செய்தது. எளிய மனிதனின் நம்பிக்கைக்கு நீதிமன்றம் தந்த மதிப்பு இது.

நம் வண்டியின் செய்திக்கு வருவோம். நான்கு ஜாப் கார்டுகளின் நகல்களையும் இணைத்து, நடந்ததை நாள் வாரியாகக் குறித்து, தயாரித்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திற்குப் பதிவுத் தபாலில் கடிதம் எழுதினோம். கடுஞ்சொல் ஒன்றும் சேர்க்கவில்லை. அந்த இரவைப் பற்றி மூன்றே வரிகள் எழுதினோம். மூன்று வாரங்களுக்குப் பின் அலுவலர் ஒருவர் வந்தார். இளைஞர் எழுதிய அந்த ஒரு வரியின்மேல் விரலை வைத்து வெகுநேரம் பார்த்தார். வடிகட்டியும் குழாயும் கட்டணமின்றி மாற்றப்பட்டன. அந்த உறுப்புக்கு மேலும் ஓராண்டு உத்தரவாதம் எழுத்தில் கிடைத்தது. வருத்தம் தெரிவித்து ஒரு சொல் வரவில்லை. வண்டி இன்று நன்றாக ஓடுகிறது. ஆனால் எந்தச் சீட்டும் மாற்றித் தர முடியாத ஒன்று உண்டு என்பதை, அந்தக் கருவைக் காட்டுப் பாதையில் செல்லும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறோம்.

குடும்பங்களுக்குச் சில ஆலோசனைகள் கூறுவது நம் கடமை. பொருள் வாங்குமுன், எந்த வேலைக்கு, எந்தச் சாலைக்கு வாங்குகிறீர்கள் என்பதை எழுத்தில் தெரிவியுங்கள். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டமும், தம் தேவையைத் தெரிவித்து விற்பவரின் அறிவை நம்பி வாங்குபவருக்குச் சில வரம்புகளுடன் பாதுகாப்பு அளிக்கிறது. உத்தரவாதப் புத்தகத்தை, ஆங்கிலம் அறிந்த உங்கள் பிள்ளையை உட்காரவைத்து, வாங்கிய அன்றே வாசிக்கச் சொல்லுங்கள். எது அடங்கும், எது அடங்காது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சர்வீசுக்குச் செல்லும் ஒவ்வொரு முறையும், நீங்கள் சொன்ன குறை உங்கள் சொற்களிலேயே ஜாப் கார்டில் எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டே கையொப்பமிடுங்கள். அதன் நகலை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். வாய்ப்பேச்சு காற்றோடு போகும்; தேதியிட்ட தாள் நிற்கும்.

இவற்றாலும் தீராவிட்டால், 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கு மேலும் தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 50 லட்ச ரூபாய் வரை விலை கொடுத்து வாங்கிய பொருள்பற்றிய முறையீடுகளை அது விசாரிக்கும். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. 10 லட்சத்திற்கு மேல் 20 லட்சம் வரை 400 ரூபாய்தான். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே முறையிடலாம். வழக்கறிஞர் இல்லாமல் நீங்களே பேசலாம். ஆனால் குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். 'பார்க்கலாம், பார்க்கலாம்' என்று நாளைக் கடத்திவிடாதீர்கள்.

இவற்றோடு ஒரு வேண்டுகோளும் உண்டு. கோபத்தை இறக்கிவைக்கும் இடத்தை அறிந்து இறக்குங்கள். நான்கு முறை சென்ற இடத்தில், தம் முறைக்குக் காத்திருந்த சிலர், வண்டி கழுவும் பையனையும் சாவி எடுத்துவரும் பெண்ணையும் திட்டித் தீர்ப்பதைக் கண்டோம். அவர்கள் அந்தப் பொருளைச் செய்யவும் இல்லை, விற்று இலாபம் பெறவும் இல்லை. தீப்பெட்டி ஒட்டும் நம் பெண்கள் சரியாக ஒட்டாத பெட்டிக்காக ஏச்சுக் கேட்கிறார்கள். எளியவர் செய்யும் சிறு குறைக்கு உடனே தண்டனை உண்டு. பெரியவர்களின் குறைக்கும் அதே கணக்கு இருக்க வேண்டும் என்று கேட்பதே நீதி. எளியவர்மேல் குரலை உயர்த்துவது நீதி ஆகாது. உறுதியும் சாந்தமும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

காலம் மாறி வருகிறது. 2025 ஆகஸ்ட் 4 அன்று, தூத்துக்குடியின் சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில், வியட்நாம் நாட்டு வின்ஃபாஸ்ட் நிறுவனத்தின் மின்சாரக் கார்த் தொழிற்சாலை திறக்கப்பட்டது. மானாவாரி உளுந்தும் கம்பும் விளைந்த சீமையில் இனிக் கார்களும் பிறக்கும். கரிசல் வீடுகளின் பிள்ளைகள் இத்தகைய ஆலைகளுக்கு வேலைக்குப் போவார்கள். சிலர் திருகாணி முடுக்குவார்கள், சிலர் சோதித்துக் கையொப்பமிடுவார்கள், சிலர் விற்பார்கள், சிலர் குறை கேட்கும் மேசையில் அமர்வார்கள். வாங்குபவராக மட்டும் இருந்த நாம், சொல் கொடுப்பவராகவும் ஆகிறோம்.

பெற்றோர்களே, அப்பிள்ளைகள் வேலைக்குப் புறப்படும் நாளில் நெற்றியில் சிலுவை வரைந்து அனுப்புவீர்கள். அப்போது இந்த ஒன்றையும் சொல்லி அனுப்புங்கள்: நீ முடுக்கும் திருகாணியை நம்பி, நீ அறியாத ஊரில், நீ அறியாத ஒரு நோயாளி காத்திருக்கிறார். கண்ட குறையைக் கண்டபடி எழுது. மறைக்கச் சொல்பவர் உன் மேலதிகாரியாக இருந்தாலும் எழுது. சொல் சொல்லாகவே இருக்க வேண்டுமென்று மலைமேல் கற்பித்தவரை ஞாயிறுதோறும் வணங்குகிறோம். மற்ற ஆறு நாள்களிலும் அவரை வணங்கும் பீடம், நாம் வேலை செய்யும் இடமே.